அம்மா கேட்ட ஜீவிய சரித்திரம்

எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் ஜீவிய சரித்திரத்தை வாசிப்பது வழக்கம். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு நினைவு தப்பி, டாக்டரும் கையை விரித்த அன்று, நான் அதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட இல்லை. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் அல்லவா, கேட்கிற சபை அசந்து போகவேண்டும் என்கிற நினைப்புதான் முன்னால் நின்றது. இதைச் சொல்லவே இப்போது கூசுகிறது.

நன்றாகத்தான் வந்தது. மகாராஜா காலத்தில் பிறந்தவர், சுதந்திரம் கண்டவர், எங்கள் தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாளில் தெருவில் நின்று மகிழ்ந்தவர், அவசரநிலை, சுனாமி, கொரோனா எல்லாவற்றையும் கடந்தவர். அந்த மகிழ்ந்தவர் என்பது நானாகச் சேர்த்தது. அம்மாவைப் பற்றிக் கடைசியில் ரெண்டு வரி: நாலு பிள்ளைகளைப் பெற்றார், ஜெபத்தில் உறுதியாயிருந்தார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் என் மனைவி சிரித்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அம்மா கோபப்படவில்லை, வாசித்துக் காட்டச் சொன்னாள். கண்ணாடியைக் காணவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது என் சட்டைப்பையில் இருப்பதை அவளே காட்டினாள்.

முனகலாகத் தொடங்கியவன் சுதந்திரம் வருவதற்குள் மேடைக் குரலுக்கு மாறிவிட்டேன். என் பிறவிக் குணம் அது. அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாலு இல்ல மக்கா, அஞ்சு."

எனக்கு முன்னால் ஒரு பெண்குழந்தை பிறந்திருக்கிறது. இத்தனை வயதாகியும் அது எனக்குத் தெரியாது. காய்ச்சல் கண்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிழைக்கவில்லை. துணியில் பொதிந்து தோளில் போட்டுக்கொண்டு அம்மா நடந்தே திரும்பியிருக்கிறாள். அன்றைக்குத்தான் இணைப்பு நாள். ரோடு நிறைய ஊர்வலம், வெடி.

"ஒருத்தன் சந்தோஷத்துல எனக்க கையில மிட்டாய வச்சான். பிள்ள உறங்குதுண்ணு நெனச்சிருப்பான். நான் ஒண்ணும் மிண்டாம வாங்கிட்டேன்."

அந்த நாளைப் பற்றி வருஷா வருஷம் வகுப்பில் தொண்டை கிழியப் பாடம் நடத்தியவன் நான். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று பெற்றவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பேனாவை எடுத்து நாலை அடித்து அஞ்சு என்று எழுதினேன். மகிழ்ந்தவர் என்பதையும் அடித்தேன். பிறகு, பிள்ளைக்குப் பேர் வைத்திருந்தீர்களா என்று கேட்டேன்.

சொன்னாள். என் மகள் பிறந்தபோது, இதை வை என்று அம்மா என்னிடம் கெஞ்சிய பேர் அது. இந்தக் கிழவிப் பேர் யாருக்கு வேண்டும் என்று அன்று சிரித்துவிட்டுப் போனேன்.