கடைசியாகக் கட்டிய திகதி

வெள்ளவத்தையில் வாடகை கட்டிக் களைத்துப்போய், கல்கிசையில் இரண்டு அறை வீடொன்று வாங்க நினைத்தோம். வங்கி முதலில் கேட்டது என்னுடைய கடன் அறிக்கையை. வந்த அறிக்கையில் என் கடனட்டை இருந்தது. தவணைக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் இருந்தது. அவற்றுக்குக் கீழே, நான் வாங்காத கடன் ஒன்றும் இருந்தது.

அது என் சிநேகிதனுடையது. கொட்டாஞ்சேனைக்காரன், அலுவலகத்தில் பக்கத்து மேசை. வீட்டுக் கூரையை மாற்றக் கடன் எடுக்கிறேன், பிணைக்கு ஒரு கையெழுத்துப் போடு என்றான். தேநீர் ஆறுவதற்குள் போட்டுக் கொடுத்தேன். பிறகு நாடு ஆட்டம் கண்டபோது குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டான்.

"போனவர் அங்கயிருந்து கட்டுவாரே? உங்களை மாட்டிவிட்டிட்டார்," என்றாள் மனைவி. அவளுக்கு அவனை ஒருநாளும் பிடித்ததில்லை. அதிகம் சிரிக்கிறவர்களை அவள் நம்புவதில்லை.

அறிக்கையை அவள் பக்கம் திருப்பினேன். அவனுடைய கடனுக்கு நேரே போன மாதத்துத் திகதி இருந்தது.

"வடிவாப் பாரும். போன மாசமும் கட்டியிருக்கிறான்."

"இது கட்டின திகதிதானே?"

"வேற என்ன, பிறந்த திகதியே?"

 அன்று முழுக்க எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மனிதர்களை எடைபோட எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த பெண் சிங்களத்தில் தொடங்கி, என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தாள்.

"அங்கிள், இது கட்டின திகதி இல்லை. கடன் குடுத்த பேங்க் விவரம் அனுப்பின திகதி. ஆள் கட்டினாலும் கட்டாட்டியும் மாசா மாசம் மாறும்." அவளுடைய பேனை இரண்டு கட்டம் தள்ளிப்போய் நின்றது. "கடைசியாக் கட்டினது இங்க இருக்கு."

அங்கே இருந்தது அவன் விமானம் ஏறிய மாதம். அந்த நிலுவையைத் தீர்க்காமல் என் விண்ணப்பம் மேலே போகாது என்றாள்.

வங்கி வாசலில் நின்றே அவனுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீல அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவன் கட்டாததைவிட, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்ததுதான் வலித்தது.

அலுவலகச் சீட்டில் எனக்கு விழுந்திருந்த காசை எடுத்து நிலுவையைக் கட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. வங்கியில் திகதிகளைப் பற்றிப் படித்த பாடத்தை மட்டும், எனக்கு முன்பே தெரிந்ததுபோல அவளுக்கு விளக்கினேன்.

புதிய அறிக்கை வந்தபோது அவளே வாங்கிப் பார்த்தாள். விவரம் அனுப்பிய திகதியில் அவள் விரல் நிற்கவில்லை. இரண்டு கட்டம் தள்ளிச் சரியான இடத்துக்குப் போனது. கடைசியாகக் கட்டிய திகதி, நான் நிலுவையைக் கட்டிய மாதத்துக்குரியது. நிலுவை இல்லை. யார் கட்டியது என்று காட்ட அங்கே கட்டமில்லை.

அவள் அறிக்கையை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"நான்தான் அந்த மனுசனைப் பிழையா நினைச்சுப்போட்டன்," என்றாள். "கதைச்சா, நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்," என்றேன்.