தலைமை நிர்வாகிக்குக் கோழிக்குழம்பு

எங்கள் வனப் பூங்காவுக்குத் தலைமை நிர்வாகி தேவை என்று நிர்வாகக் குழு கொடுத்த விளம்பரத்தைப் படித்தபோது, இத்தனை தகுதியும் ஒரே உடம்பில் இருக்கும் ஆள் கிடைத்தால் வேலை கொடுக்கக் கூடாது, சிலைதான் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். காடு தெரிந்திருக்க வேண்டும், கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு அனுபவம் வேண்டும், மலை ஜனங்களோடு மனம் கலந்து பழகவும் வேண்டும். பேச்சில் புலியாகவும் நெருக்கடியில் பசுவாகவும் இருக்க வேண்டும். என் மனைவி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதைப் படித்துவிட்டு, "இப்படி ஒரு ஆள் இருக்கறது தெரிஞ்சிருந்தா நம்ம பொண்ணுக்கே பாத்திருக்கலாமேங்க" என்றாள்.

கேலி கிடக்கட்டும். அந்த ஆள் வந்தால்தான் எனக்கு விடுதலை. ஜவ்வாது மலையில் பாதியை வளைத்துக்கொண்டு கிடக்கும் அந்தப் பூங்காவில் நான் வெறும் அலுவலக மேலாளர். முதலில் இருந்த நிர்வாகி, மாடு மேயப் போகும் பாதையை அடைக்கிறேன் என்று ஊரோடு சண்டை போட்டு, ஊர் திரண்டு வந்து கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும், வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். "கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்குங்க" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அந்தக் கொஞ்ச நாள் வருஷக் கணக்கில் நீண்டது. தினமும் சந்தவாசலிலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேலே போய் வந்ததில் முதுகெலும்பில் இரண்டு வட்டுகள் இடம் மாறிவிட்டன. இனி ஜீப் ஏறினால் படுக்கைதான் என்றார் டாக்டர். மலையா நானா, முடிவு பண்ணிக்குங்க என்றாள் மனைவி. புது ஆள் சேரும் நாளில்தான் என்னை விடுவிப்பதாகக் குழு சொல்லியிருந்தது.

பழைய சண்டையால் சூடு பட்டிருந்த குழு இந்த முறை ஒரு நிபந்தனை வைத்தது. வடிகட்டலில் கடைசி வரை நிற்பவர்களை, பூங்கா வாசலை ஒட்டிய மலை ஊருக்கு அழைத்துப்போய் ஒரு வேளை சாப்பிட வைத்து, ஊர்த் தலைவரின் அபிப்பிராயத்தைக் கேட்டு வர வேண்டும். கேட்டு வருவது என் வேலை. எனக்கா தெரியாது? அந்த ஊரில் என் செல்வாக்கு அப்படிப்பட்டது. நான் போகும்போதெல்லாம் தலைவர் வீட்டில் கோழி அடிப்பார்கள். நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு, மேலே துண்டை விரித்து, நெல்லுச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைப்பார்கள். நாங்கள் கறி தொடக் கூடாத ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை கூட வைத்தார்கள். அவர்கள் அன்பைப் புண்படுத்துவதைவிட ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம் என்று சாப்பிட்டுவிட்டு வந்தேன். நான் போய்விட்டால் இந்த மலை எப்படித் தாங்கும் என்று ஜீப்பில் இறங்கும்போது நானே மலைக்காக வருத்தப்பட்டதும் உண்டு.

வடிகட்டலில் தேறியவர்கள் இரண்டு பேர். முதலில் வந்தவர் ஊட்டிப் பக்கம் பெரிய பெரிய விடுதிகளை நடத்தியவர். கூலிங் கிளாஸ், வாசனை, கைகுலுக்கலில் ஒரு முறுக்கு. "எப்போது சேர முடியும்?" என்று ஜீப்பில் கேட்டேன். "திங்கட்கிழமையே" என்றார். அப்போதே அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன், முதுகு இடம் கொடுக்கவில்லை. ஊரில் அமர்க்களமான வரவேற்பு. நாற்காலி, துண்டு, கோழி, அதற்கு மேல் ஒரு சாமந்தி மாலை வேறு. ஊர்ப் பொது மந்தைவெளியைப் பார்த்து, இங்கே ஒரு நீச்சல் குளம் வந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கையை விரித்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். கிளம்பும்போது தலைவரைத் தனியே இழுத்து, "இன்னா தலைவரே, ஆளு எப்படி?" என்றேன்.

"நல்லவருங்க சார். நல்லபடியா போய்ட்டு வரட்டும்" என்றார்.

அடுத்த வாரம் வந்தவர் ஒரு அம்மா. கலசப்பாக்கத்தில் பிறந்தவராம், வடகிழக்கில் ஒரு சரணாலயத்தை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வர மழைக்காலம் முடிந்துவிடும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். என் முதுகு அங்கேயே அவரை நிராகரித்துவிட்டது. ஊரில் நாங்கள் போய் இறங்கியபோது களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் புடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மா நேராகப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மாட்டுப் பாதைச் சண்டையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். பேச்சு சூடாகிவிட்டது. ஒரு பெண் இவரை எதிர்த்துக் கத்த, இவரும் திருப்பிக் கத்தினார். நடுவில் தலைவரின் மனைவி ஒரு கோலை இவர் கையில் திணித்து, "பேசிக்கினே கோழிய ஓட்டும்மா, சாமையெல்லாம் துன்னுது" என்றார். அப்புறம் களியும் கீரைக் கடைசலும் வந்தன. கோழி ஓட்டியவருக்குக் கோழி வைக்கவில்லை. நாற்காலியும் இல்லை, துண்டும் இல்லை. எனக்கு மட்டும் வழக்கம்போல எல்லாம் வந்தது.

எனக்கு மானம் போனது. தலைவரை ஓரமாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். "எவ்ளோ பெரிய பதவிக்கு வர்றவங்க! ஒரு சேரு போடக் கூடாதா?"

"அவங்களே கீழ குந்திக்கினாங்களே சார்."

"சரி, ஒரு கோழி?"

"அவங்களுக்கு இன்னாத்துக்கு சார் கோழி?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பிடிக்கவில்லை என்பதை இதைவிடப் பச்சையாக ஒரு மனிதன் சொல்ல முடியாது என்று முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் வெற்றிச் செய்தி சொன்னேன். விடுதிக்காரருக்குக் கோழி, அந்த அம்மாவுக்குக் களி, ஆகவே திங்கட்கிழமை எனக்கு விடுதலை. அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, நம்ம வூட்டுக்குப் பங்குச் சாமியார் வந்தா இன்னா செய்வேன்?"

"பிரியாணி."

"எங்க அண்ணன் வந்தா?"

அவள் அண்ணன் வந்தால் நேராக அடுப்படிக்குப் போவார், பானையைத் திறப்பார், இருப்பதைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மோட்டார் போடு, தேங்காயை உரி என்று இவள் வேலை ஏவுவாள்.

"சாமியார் நல்லா சாப்டுட்டு நல்லபடியா போகணும். அதுக்குத்தான் பிரியாணி" என்றாள். "மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல முடியாதவங்களுக்கும் அதேதான்."

அது மலையில் வேறு மாதிரி என்று வாதாடினேன். வாதாடும்போதே மனசுக்குள் வரிசையாக நாற்காலிகள் வந்தன. துண்டு விரித்த நாற்காலிகள். வெயில் காலக் கோழி, மழைக் காலக் கோழி, அந்தத் தவக்காலத்துக் கோழி.

"அப்போ எனக்கு?" என்றேன்.

அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை விழுங்கிக்கொண்டு பூண்டு உரிக்கக் குனிந்துவிட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் முதுகை உடைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன், ஒரு கவளம் களிக்குக் கூட நான் லாயக்கில்லையா?

குழுக் கூட்டத்தில் ஊரின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்கள். விடுதிக்காரர் பெயரைச் சொன்னால் திங்கட்கிழமை நான் வீட்டில் கால் நீட்டியிருக்கலாம். அந்த அம்மா பெயரைச் சொன்னால் மழைக்காலம் முழுக்க ஜீப், சேறு, முதுகு. மலையை விட்டு எப்போது ஓடலாம் என்றிருந்தவன் நான். ஆனால் நாக்கு வேறு மாதிரி புரண்டுவிட்டது.

"விடுதிக்காரர் வேண்டாம் ஐயா. அவருக்குக் கோழி வைத்துவிட்டார்கள்" என்றேன்.

குழுத் தலைவர் பேனாவை மூடினார். "ஏன், அவர் சைவமா?"

நான் விளக்கினேன். சாமியார், பிரியாணி, மச்சான், மோட்டார் என்று விளக்க விளக்க அவர்கள் என் முதுகுவலி தலைக்கு ஏறிவிட்டதோ என்று பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், "அந்த அம்மாவோடு ஊர்க்காரர்கள் சண்டை போட்டார்களாமே?" என்றார். "போட்டார்கள் ஐயா. என்னோடு ஒரு நாளும் போட்டதில்லை" என்றேன். அவர்களுக்கு அது புரிந்ததோ, பரிதாபப்பட்டார்களோ, அந்த அம்மாவுக்கே உத்தரவு போனது.

மழைக்காலம் முழுக்க மலை ஏறி இறங்கினேன். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் முதுகுக்குத் தைலம் தேய்த்தாள், கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள். ஒரு வழியாக அந்த அம்மா வந்து சேர, எனக்கு ஊரில் விடைகொடுத்தார்கள். மாலை போட்டார்கள். நாற்காலி வந்தது, துண்டு வந்தது, அதன் பின்னால் மணக்க மணக்கக் கோழிக்குழம்பும் வந்தது.

தலைவரின் மனைவியிடம், "இது வேணாம்மா. களி இருந்தா குடுங்க" என்றேன்.

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "களியா? இன்னிக்கி கிண்டலியே சார். நாளைக்கிதான் கிண்டுவோம்."

மறுநாள் காலையில் நான் சட்டை போட்டதைப் பார்த்து, "விடுதலை ஆன மொத நாளே எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி. ஜீப் இனி எனக்கு இல்லை. மலைக்குப் போகும் பஸ் வருகிற நேரத்துக்கு வந்தது. சீட்டு கிடைக்காமல் நின்றுகொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் முதுகு என்னைத் திட்டியது.

ஊரில் என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை எடுக்க யாரும் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்தேன். இடுப்பு விண்ணென்று தெறித்தது. தலைவரின் மனைவி களியைக் கொண்டுவந்து வைத்தார், நடுவில் குழி பறித்துக் கடைசல் ஊற்றியிருந்தார். உப்பு குறைவு. உப்பு குறைவு என்று சொன்னேன். "அந்த மாடத்துல கீது, எட்டி எடுத்துக்கோண்ணா" என்றார். எடுத்துப் போட்டுக்கொண்டேன். பாதி சாப்பிட்டிருக்கும்போது களத்திலிருந்து அவர் கத்துவது கேட்டது.

"துன்னுக்கினே அந்தக் கோழிய ஓட்டுண்ணா!"

களிக் கையோடு எழுந்து ஓட்டினேன்.