சுவாதீனம் யார் கையில்?

பனவடலிசத்திரம் அருகே ஒரு கரிசல் நிலத்தைத் தரகர் எங்களுக்குக் கோடையில் காட்டினார். பயிரின்றிக் கிடந்த அந்த நிலம் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் அதில் போடத் துணிந்தார். மாசியில் சங்கரன்கோவிலில் பத்திர வரைவை வாசித்தபோது, 'சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டோம்' என்ற வரியில் நின்றேன். சுவாதீனம் என்றால் நிலத்தைக் கைவசம் வைத்து அனுபவிப்பது. எங்களிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லையே!

"எல்லாப் பத்திரத்துலயும் போடுத வார்த்தைதான் தம்பி. படிச்சவிய எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படுவிய" என்று தரகர் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்கு உறுத்தியது. கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் நிலத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது யாரு வெள்ளாமை?"

"எங்க வெள்ளாமைதான். கொழுந்தன் பாகம் பிரிக்காமலே விக்கப் பாக்காரு, கேஸு நடக்கு. நீங்களும் வாங்க வந்தியளோ? இறங்கி வாங்க, பருத்தி எடுக்க ஆளே கிடைக்கல!"

கையெழுத்திட்டிருந்தால், அவர் உழுது பயிரிடும் நிலம் எங்கள் கைக்கு வந்துவிட்டதாக நாங்களே ஒப்புக்கொண்டிருப்போம். அப்பாவின் பணமும் அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் ஒரே வழக்கில் சிக்கியிருக்கும்.

இப்போது மழையை மட்டும் நம்பிப் பயிராகும் மானாவாரி நிலம் எதையும் கோடையில் மட்டும் பார்த்து நாங்கள் முடிவு செய்வதில்லை. பயிர் நிற்கும் காலத்தில், தரகர் இல்லாமல் போய், வேலை செய்துகொண்டிருப்பவரிடமே விசாரிக்கிறோம்.