கேட்டது ஒரு ரவுண்டு, கொடுத்தது இரண்டு

டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓரின் ஹாகனுக்கு வாரத்தில் ஐந்து நாள் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பிள்ளைகளின் கூச்சல். அதை அவன் பொறுத்துக்கொள்வது சனிக்கிழமை மதியத்துக்காக. அன்று துறைமுகத்துக்கு மேலே உள்ள விளையாட்டுக் கடையில் நான்கு பேர் உட்கார்ந்து மாயாஜாலச் சீட்டு ஆடுவார்கள். நாற்பத்தாறு வயதில் டிராகன் சீட்டுகளை உறை போட்டுப் பாதுகாக்கிற மனிதனைப் பற்றி அவன் மனைவி மார்லிஸுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வெளியே சொல்ல மாட்டாள், நல்ல மனுஷி.

ஆளுக்கு நாற்பது உயிர். கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயித்தவர். நான்கு பேர் ஆடுவதால் சீட்டைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். யாருடைய படை பெருத்தாலும் மற்ற மூவரும் அவர்மேல் பாய்வார்கள். "இந்த ரவுண்டு என்னை விடு, நான் உன்னை விடுறேன்" என்று பேரம் நடக்கும். வாக்கை மீறினால் தண்டிக்க விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது. மேசையில் இருப்பவர்களின் ஞாபகம்தான் தண்டனை.

அந்தத் தண்டனையை ஓரின் பத்து மாதமாக அனுபவித்துக்கொண்டிருந்தான். போன குளிர்காலத்தில், தாதுக்கப்பல் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ரெய்னோ மாக்கியிடம் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடித்தான், ஜெயித்தான். வெறும் ஆட்டம்தானே என்று சிரிக்கவும் செய்தான். அன்றிலிருந்து அவனோடு யாரும் பேரம் பேசவில்லை. மூன்று பேரும் முதலில் அவனைத்தான் தீர்த்துக்கட்டினார்கள். இரண்டு மணி நேர ஆட்டத்தில் அரைமணியில் செத்துவிட்டு, மீதி நேரம் மற்றவர்களுக்குக் காப்பி வாங்கி வருவான். இன்றும் அப்படியே ஆனால் இனி வருவதில்லை என்று வண்டியை நிறுத்தும்போதே முடிவு செய்திருந்தான்.

இன்று அவன் பிழைத்ததற்கு பேக்கரிக்காரி டெல்ஃபின் காரணம். நடமாடும் மரங்களாகப் படையைப் பெருக்கி, எல்லோர் கண்ணையும் தன் பக்கம் திருப்பி, ரெய்னோவை மிதித்து வெளியே தள்ளினாள். அடுத்த இலக்கு, மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் யெர் வாங். யெருக்கு மிச்சம் ஐந்தே உயிர். தன் முறை வந்ததும் ஓரினின் டிராகனைக் கொல்லக்கூடிய மந்திரச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"யெர், டிராகனை விட்டுவை. அது டெல்ஃபின் மேலதான் பாயும். உன்கிட்ட வராது."

"யாரு சொல்றது பாரு," என்றார் ரெய்னோ, பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே. "நானும் இதையேதான் கேட்டேன், அப்பறம் பொணமா கெடந்தேன்."

யெர் மரங்களைப் பார்த்தாள். "ஒரு ரவுண்டு அது என்னைத் தொடாதுன்னு சொல்லு."

"ரெண்டு ரவுண்டு," என்றான் ஓரின். நம்பவைக்கிற அவசரத்தில் வந்த தாராளம் அது.

"சரி. அந்த ரெண்டு ரவுண்டும் நானும் அதைத் தொடல."

ஓரினின் முறையில் டிராகன் பறந்தது. மரங்களால் பறக்க முடியாது. மிச்சமிருந்த நாலு உயிரும் போய் டெல்ஃபினின் கதை முடிந்தது. யெர் தன் முறையில் ஒரு காவல்காரனை மட்டும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். மறுபடி ஓரினின் முறை வந்தபோதுதான் தான் செய்த மடத்தனம் அவனுக்கு உறைத்தது. டிராகனின் அடி ஆறு, யெரின் உயிர் ஐந்து, காவல்காரனுக்கோ சிறகில்லை. ஒரே அடியில் ஆட்டம் அவனுடையது. அவள் கேட்ட ஒரு ரவுண்டு முடிந்துவிட்டது. அவனாகக் கொடுத்த இரண்டாவதுதான் குறுக்கே நின்றது.

"இப்பத் தெரிஞ்சிரும்," என்றார் ரெய்னோ.

ஓரினுக்கு ஜெயிக்க ஆசையாக இருந்தது. பத்து மாதத்து ஆசை. டிராகன் சீட்டின்மேல் விரலை வைத்தான். யெர் தன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கெஞ்சியிருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் முறை முடிஞ்சுது," என்று விரலை எடுத்தான்.

யெர் துளியும் தயங்கவில்லை. இரண்டு ரவுண்டும் முடிந்து தன் முறை வந்ததும் அந்த மந்திரத்தைப் போட்டு டிராகனைக் கொன்றாள். நாலு ரவுண்டில் ஓரினையும் கொன்றாள். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. தோற்றவன் இப்படி நிம்மதியாக மூச்சுவிட்டு அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை.

"இவ்ளோ பெரிய முட்டாளை நான் பார்த்ததே இல்ல," என்றாள் டெல்ஃபின். காப்பி வாங்க அவளே எழுந்து போனாள்.

அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்தார்கள். ரெய்னோ தலை நிமிரவில்லை.

"யோவ் ஓரின். மொத மூணு ரவுண்டு என்னை அடிக்காத. நானும் உன்னை அடிக்கல."

ஓரின் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தான். சரி என்று தலையை மட்டும் ஆட்டினான்.

"வாயைத் தெறந்து சொல்லுய்யா," என்றார் ரெய்னோ. "தலையாட்டுறதெல்லாம் கணக்குல வராது."

"சரி," என்றான் ஓரின். "மூணு ரவுண்டு."