வெறுந்தண்ணீர்ப் பாத்தியின் காவல்காரர்

செல்லனைக் கொசு கடித்தால் அவர் உடனே அடிக்க மாட்டார். யார் அனுப்பிய கொசு என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். பத்தாங் காலி ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் வந்தால், எதிரே இருப்பவரின் கோப்பையோடு மாற்றி வைத்துக்கொண்டுதான் குடிப்பார். தன் கல்யாணத்தில் தாலியை உரசிப் பார்த்த பிறகே கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடித்துப் பார்த்தார்.

இளவயதில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தார். அங்கே ஒரு குலை விழுந்து இடது காலின் சுண்டுவிரல் போய்விட்டது. மேலிருந்து எவனோ குறி பார்த்துப் போட்ட குலை என்று இன்றைக்கும் சொல்வார். தோட்டம் துண்டு துண்டாக விலைபோன பிறகு, புக்கிட் பெருந்துங்குக்கு அப்பால் புல் வளர்க்கும் பண்ணையில் மருந்தடிக்கச் சேர்ந்தார். கோல்ஃப் திடலுக்கும் காற்பந்துத் திடலுக்கும் பாய்போலச் சுருட்டி லோரியில் ஏற்றுகிறார்களே, அந்தப் புல். அதற்கும் நோய் வரும். அடைமழை பிடித்தால் இலையில் பழுப்புப் புள்ளி விழும். புள்ளி பெருகி, பச்சைப் பாயை யாரோ சிகரெட்டால் சுட்டுவைத்த மாதிரி ஆகிவிடும்.

எந்த மருந்து அதை அடக்குகிறது என்று சோதிக்க ஷஃபீகா வந்தாள். ஜெராமில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அபுபக்கரின் மகள், விவசாயம் படித்தவள். நான்கு பாத்திகள் பிரித்தாள். மூன்றுக்கு மூன்று விதமான பூஞ்சை மருந்து, நான்காவதற்கு வெறுந்தண்ணீர். மருந்தே படாத புல் எவ்வளவு வாடுகிறது என்று தெரிந்தால்தான், மற்றவை பிழைத்தது மருந்தாலா, தானாகவா என்று சொல்ல முடியும் என்று விளக்கினாள். செல்லன் தலையாட்டினார். நோய் வரட்டும் என்றே ஒரு பாத்தியை விட்டுவைக்கிறார்களே, இதில் என்ன சூதோ என்று அவருக்கு அன்றைக்கே உறுத்தியது.

மழை பெய்தது. பண்ணையில் மருந்து படாத இடமெல்லாம் புள்ளி விழுந்தது. வெறுந்தண்ணீர்ப் பாத்தி மட்டும் மணப்பெண் மாதிரிப் பளபளத்தது.

யாரோ இதற்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள், சோதனை செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள் ஷஃபீகா. பண்ணையில் மருந்தடிக்கும் பம்பு தூக்குகிறவர் செல்லன் ஒருவர்தான்.

"அங்கிள், அடுத்த தடவையும் இப்படியே ஆச்சுன்னா மருந்தடிக்கிற வேலைய வெளி ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. மேலருந்து சொல்லிட்டாங்க."

"நான் அதுக்குப் பச்சத்தண்ணிதான் மேடம் அடிச்சேன். யாரோ எனக்குக் குழி தோண்டுறாங்க."

அன்றிலிருந்து செல்லன் துப்பறியத் தொடங்கினார். முதல் சந்தேகம் மருந்து விற்க வரும் தீபன் மேல். தன் மருந்து தோற்றுப்போகும் என்று பயந்து சோதனையையே கலைக்கிறானோ? அவன் கார் வாசலில் நின்றால் இவர் போய் டயரில் புல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்தது களை பிடுங்கும் புஷ்பவள்ளி. புள்ளி விழுந்த புல்லைப் பார்த்து, அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று அவள் ஒருநாள் இரக்கப்பட்டிருந்தாள். மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து ஊற்றிவிட்டாளோ? சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய தூக்குச்சட்டியை மோந்து பார்த்தார்.

"மஞ்ச வாடை வருது, புஷ்பா."

"கொழம்புல மஞ்ச போடாம சிமெண்டா அண்ணே போடுவாங்க? பசிச்சா கேட்டுச் சாப்பிடுங்க லா."

இரண்டாம் சுற்று மருந்தடிப்பு வந்தது. அடித்து முடித்ததும் செல்லன் வெறுந்தண்ணீர்ப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவினார். மறுநாள் காலையில் சாம்பலில் சப்பாத்துத் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. இடது குதிகாலில் ஒரு வெட்டு. அந்த வெட்டு அவருடைய சப்பாத்தில்தான் இருந்தது. செல்லன் கொஞ்சமும் அசரவில்லை. தன் சப்பாத்தையே மாட்டிக்கொண்டு வந்து பழியைத் தன் மேல் போட்டிருக்கிறான், பலே கள்ளன் என்று எதிரியை மெச்சினார்.

மூன்றாம் சுற்றில், மருந்தடித்து முடித்தவுடன் சப்பாத்தைக் கழற்றி மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சாம்பலைத் தூவினார். வெறுங்காலோடு மீதி வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

விடிந்ததும் வந்து பார்த்தால், வெறுங்கால் தடம். இடது காலில் நான்கே விரல்கள்.

செல்லன் குந்தி உட்கார்ந்துவிட்டார். சப்பாத்தைத் திருடலாம். இல்லாத சுண்டுவிரலை எவன் திருடுவான்?

அப்போதுதான் அந்த மீதி வேலை அவர் நினைவுக்கு வந்தது. பம்பு கழுவுவது. அந்தக் காலத்தில் தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேய்க்கும் கங்காணி, திட்டித் திட்டிப் பழக்கியது அது. கழுவின தண்ணீரைக் கால்வாயில் ஊற்றினால் மீன் செத்து மிதக்கும். மருந்தடித்த இடத்தில் ஊற்றினால் இரட்டை மருந்தாகிப் பயிர் கருகும். மருந்து படாத புல்லாகப் பார்த்துக் கொட்டு என்பார் மண்டோர். பக்கத்தில் மருந்து படாத புல் என்று இருந்தது அந்த ஒரு பாத்திதான். மூன்று மருந்தும் கலந்த வாளியை ஒவ்வொரு தடவையும் அங்கேதான் கவிழ்த்திருக்கிறார். கைகால் தானாகச் செய்யும் வேலை. மனம் அந்த நேரத்தில் புஷ்பவள்ளியின் தூக்குச்சட்டிக்குள் இருந்தது.

சாம்பலைக் காலால் கலைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. செல்லன் காலைத் தூக்கினார். பிறகு, புல்லுக்குள் படமெடுக்கும் கருவி எதையாவது ஒளித்து வைத்திருப்பார்களோ என்று தோன்றியது. தூக்கிய காலோடு நேராக ஷஃபீகாவிடம் நடந்தார்.

"ஆள் கெடச்சிட்டான் மேடம்," என்று இடது காலை நீட்டிக் காட்டினார்.

முழுக் கதையையும் கேட்ட ஷஃபீகா, மருந்து நனைந்த இடத்தில் வெறுங்காலோடு நடந்ததற்குத்தான் முதலில் திட்டினாள். பிறகு, தண்ணீருக்கென்று தனிப் பம்பு ஒன்று கொடுத்தாள். கழுவின தண்ணீரைக் கொட்டத் தூரத்தில் ஓர் இடம் ஒதுக்கினாள்.

"பழைய பாத்திய விட்டுட்டு வேற எடத்துல தொடங்குறேன். மேல நான் பேசிப் பார்க்கிறேன். ஆனா புது வெறுந்தண்ணிப் பாத்திக்கு நோய் வந்தாகணும் அங்கிள். வரலேன்னா எனக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது."

காலமெல்லாம் மருந்தடித்த மனிதர், புல்லுக்கு நோய் வர வேண்டும் என்று காத்திருந்தார். முனியாண்டி கோயிலில் தேங்காய் உடைத்து வேண்டிக்கொண்டதாகவும், பூசாரி குழம்பிப்போய்த் தட்சிணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் கேள்வி.

மழை வந்தது. ஒரு காலை, புதிய வெறுந்தண்ணீர்ப் பாத்தி முழுக்கப் பழுப்புப் புள்ளி. பக்கத்து மூன்று பாத்திகளும் மூன்று விதமான பச்சையில் நின்றன. ஷஃபீகா படம் எடுத்து மேலே அனுப்பினாள். வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

செல்லன் பாத்தியில் மண்டியிட்டிருந்தார். ஓர் இலையைக் கிள்ளி, எச்சில் தொட்ட துணியால் புள்ளியை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார், சாயம் ஏதாவது போகிறதா என்று.