உர்சுலா எடுத்த உரம்

ஜாலான் புசாரில் குடியிருக்கும் உர்சுலாவுக்கு நல்ல கைராசி என்று பக்கத்துத் தேக்கா வட்டாரம் முழுக்கப் பேச்சு. பச்சைப்பிள்ளைகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவர் வேலை. பிள்ளை கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஓயாமல் அழுதால், உரம் விழுந்துவிட்டது என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். சேலையில் கிடத்தி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டினால் அழுகை நின்றுவிடும். இந்தக் கைராசி இருக்கிறதே, பொல்லாத சாமான். ஒட்டிக்கொண்டால் சொந்தக் கையைச் சந்தேகப்பட விடாது.

கிளமெண்டியில் தாரணியின் மகன் வருணைக் குளிப்பாட்டியபோது, காதுக்குக் கீழே ஏதோ மெத்தென்று விரலில் பட்டது. உர்சுலாவின் கை சற்றே நின்றது.

“என்ன ஆன்ட்டி அது?”

“உரம்தான்மா. எடுத்துடலாம்.”

இருவரும் சேலையைப் பிடித்து உருட்டினார்கள். பிள்ளை தூங்கிப்போனது. மறுநாள் வீக்கம் கூடியிருந்தது. உரம் இன்னும் இறங்கவில்லை என்று மறுபடி உருட்டி, வீங்கின இடத்தை அழுத்தி நீவியும் விட்டார்.

அடுத்த நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் கேட்டது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் பிள்ளையின் தொண்டை கரகரத்தது. வீக்கம் கருநீலமாகத் தாடை வரை ஏறியிருந்தது.

“ஆம்புலன்ஸ் கூப்பிடுமா” என்றார் உர்சுலா.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் வெளியே வந்தார். “பிறவியிலேயே இருக்கிற நீர்க்கட்டி. உள்ள ரத்தம் கசிஞ்சு மூச்சுக்குழாயை நெருக்குது. யாராவது அமுக்கினீங்களா?”

தாரணி தரையைப் பார்த்தாள்.

“நான்தான். உரம்னு நினைச்சேன்” என்றார் உர்சுலா.

“அதனாலயும் கசியலாம், தானாவும் கசியலாம். கழுத்துல கட்டின்னா பல வகை இருக்கு. எதுன்னு தொட்டு மட்டும் சொல்லிட முடியாது, ஸ்கேன் வேணும்.”

மூச்சுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். அறுவை சிகிச்சை இனிமேல்தான். தாரணி நாற்காலியை நகர்த்திப் போட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். உர்சுலாவுக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. அப்போது போன் அடித்தது. தேக்காவிலிருந்து ருக்சார், அவர் முன்பு குளிப்பாட்டிய பிள்ளையின் அம்மா.

“ஆன்ட்டி, சின்னவன் கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டே இருக்கான். உரம் எடுக்க வர்றீங்களா?”

“யாரும் தொடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டு.”

“டாக்டர் எதுக்கு? பெரியவனுக்கு நீங்கதானே எடுத்தீங்க. கழுத்து இன்னும் கொஞ்சம் சாஞ்சுதான் இருக்கு, ஆனா அழறதில்ல லா.”



“பெரியவனையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ” என்றார் உர்சுலா.