குடலுக்குள் குடிவந்த மச்சினன்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே இரண்டு மூன்று மாத்திரைகள் சலசலக்கும். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது மாறியதில்லை. அவர் மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்பவர். பாதி அட்டை போதும் என்று கத்தரித்து வாங்கிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் மிச்சம், காலாவதித் தேதி நெருங்கியதும் அவர் பைக்கு வந்துவிடும். வீட்டில் யாராவது தும்மினால் ஒன்று. அடுக்குத் தும்மல் என்றால் இரண்டு. யாரும் தும்மாத வாரத்தில் அவரே விழுங்குவார்.

“குப்பைக்குப் போறது வயித்துக்குப் போகட்டுமே” என்பார்.

கிருமி என்றால் அவருக்கு ஆகாது. அதைவிட ஆகாதவர் மச்சினன். அம்மாவின் தம்பி, வண்டிப் பட்டறை வைத்திருப்பவர், மகளுக்குக் கிரீஸ் மாமா. அவர் தலை தெரிந்ததுமே அப்பா நாற்காலியில் பேப்பர் விரிப்பார்.

“ஊர்ச் செய்தி எல்லாம் என் பின்னாடிதான் மச்சான்” என்று சொல்லிக்கொண்டே மாமா அதன்மேல் உட்காருவார். அப்பா சிரிக்க மாட்டார். தெருவுக்கே மாத்திரை தந்தவர், அவருக்கு மட்டும் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. அழுக்கு மூட்டைக்கு எதற்கு மருந்து?

மகள் நுண்ணுயிரியல் படித்தாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். குடலில் கோடி கோடியாய் வாழும் பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு கெட்டதை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கின்றன, உடலின் காவல்படைக்கு யார் சொந்தம், யார் திருடன் என்று பழக்கிவிடுகின்றன என்றெல்லாம் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினாள். எழுதிவிட்டு வந்து, சளிக்கு அப்பா நீட்டிய ஆன்டிபயாடிக்கை வாயில் போட்டுக்கொண்டாள். படித்தது ஏன் தொண்டை வரைக்கும்கூட இறங்கவில்லை என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டிருக்கிறாள். நீட்டியது அப்பாவின் கை. வேறு பதில் கிடைக்கவில்லை.

ஒரு பல்வலியில் வந்தது வினை. வீரியமான மாத்திரைகளை அப்பா தன் இஷ்டத்துக்குத் தின்று தீர்த்தார். பல் அடங்கியது, வயிறு அவிழ்ந்தது. அதற்கும் அதே பைக்குள் கைவிட்டார். கடைசியில் கழிவறையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. ஆள் பாதியாகிவிட்டார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “குடல்ல இருந்த நல்லதை எல்லாம் நீங்களே காலி பண்ணிட்டீங்க. ஆளில்லாத வீடுன்னு ரவுடி புகுந்துட்டான். மருந்துக்கு ஓடுறான், நிறுத்தினா திரும்பி வரான். இனி வேற குடித்தனத்தைக் கொண்டுவந்து வைக்கணும்.”

“எங்கிருந்து?” என்றாள் அம்மா.

“ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்திலிருந்து.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “இதுக்கு நான் செத்தே போறேன்.”

“அதுவும் நடக்கும். இப்படியே விட்டா சீக்கிரமே நடக்கும்.”

சமீபத்தில் ஆன்டிபயாடிக் தின்றவர்கள் கொடுக்கக் கூடாது என்றார்கள். மகள், அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என ஒருவர் பாக்கியில்லாமல் அப்பாவின் பையில் கை நனைத்தவர்கள். அவருடைய தர்மம் எட்டாத ஒரே வயிறு கிரீஸ் மாமாவுடையது.

பரிசோதனை எல்லாவற்றிலும் மாமா தேறினார். கட்டிலருகே வந்து நின்றார்.

“தரேன். ஆனா ஒண்ணு. எழுந்ததும் பட்டறைக்கு வரணும். பேப்பர் விரிக்காம என் பெஞ்சுல உக்காந்து என்கூட ஒரு வேளை சாப்பிடணும்.”

“பார்க்கலாம்.”

“அப்ப நானும் பார்க்கலாம் மச்சான். இன்னிக்கு எனக்கு வர்ற மாதிரி இல்ல.”

“சரின்னு சொல்லித் தொலைங்களேன்” என்றாள் அம்மா.

“சரிடா. வரேன்.”

உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக ஏற்றினார்கள். சில நாட்களில் அப்பாவின் வயிறு கட்டுக்குள் வந்தது. மாமா போன் செய்து, “நம்ம பசங்க ஒழுங்கா இருக்காங்களா மச்சான்?” என்று விசாரிப்பார். அப்பா வைத்துவிடுவார்.

பையில் மாத்திரை வருவது நின்றது. நாற்காலியில் பேப்பர் விரிப்பதும் நின்றது. பட்டறைக்கு மட்டும் அவர் போகவில்லை. மழை என்பார், கடையில் சரக்கு வரும் நாள் என்பார். ஒருமுறை பஸ்ஸிலிருந்து மகள் பார்த்தாள்: பட்டறைத் தெருமுனையில் அப்பா. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், நாலடி நடந்தார், திரும்பிவிட்டார். அது அருவருப்பு இல்லை, வெட்கம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. அதை மாமாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து அப்பா மாரடைப்பில் போனார். வயிறு கடைசி வரைக்கும் விசுவாசமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் மகள் பட்டறைக்குப் போய் எண்ணெய் ஊறிய பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தாள். “அப்பாவுக்குப் பதிலா வந்திருக்கேன் மாமா.”

மாமா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

“நல்லா சாப்பிடு. ஆனா இது நீ சாப்பிடுறது. மச்சான் பாக்கி அப்படியேதான் இருக்கு.”